முள் எங்கே ஏறுகிறது?

பெட்ரோல் என்ஜினின் சிலிண்டருக்குள் எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடும். அந்தச் சிலிண்டரின் தலையை மூடியிருக்கும் ஹெட் பெரும்பாலும் அலுமினியக் கலவை. தூய அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். கலவை அதற்கும் முன்பே. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 தடவை தீ மூள்கிறது. இத்தனைக்கும் நடுவே அது உருகாமல் லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறதே, அதுதான் வியப்பு.

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் வண்டியை நகர்த்தும் உழைப்பாக மாறுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியே போய்விடும். இன்னொரு பெரும்பகுதியை, ஏறக்குறைய வண்டியை ஓட்டும் ஆற்றலுக்கு இணையான வெப்பத்தை, என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்க் காற்றில் கொட்ட வேண்டும்.

கார்ல் பென்ஸ் செய்த முதல் காரில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிர்விக்கும் முறை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே, மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் அந்த வகை வண்டி ஒன்றை ஓட்டிப் போனார். வழியெல்லாம் தண்ணீர் தேடித் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. 1900-இல் வில்ஹெல்ம் மைபாக், மெர்சிடிஸ் வண்டி ஒன்றுக்காக 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேனடை ரேடியேட்டரைச் செய்தார். இருக்கிற தண்ணீரே சுற்றிச் சுற்றி வந்து ஆறியது. இன்றைய ரேடியேட்டர்கள் அந்த வழியில் வந்தவைதான்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ரேடியேட்டர் மூடி. குக்கர் வெயிட் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. உள்ளே வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் சேரவிட்டால், சாதாரணத் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரியில்தான் கொதிக்கும். கூலண்ட் கலந்திருந்தால் அதற்கும் மேலே. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் இந்தச் சலுகை போய்விடும். எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கொதிக்கும். சூடான என்ஜினில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். உள்ளே 110 டிகிரியில் அடங்கிக் கிடக்கும் தண்ணீர், அழுத்தம் விலகிய கணமே நீராவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும்.

வண்டி ஹீட் ஆனால் உடனே ரேடியேட்டரை மாற்று, பம்பை மாற்று என்று பலரும் செலவில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, மீட்டர் முள் எங்கே ஏறுகிறது என்பது. சிக்னலிலும் நெரிசலிலும் ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன்மீது சந்தேகப்படலாம். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும், நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி. பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று தேட ஆரம்பிக்கலாம். நெரிசலில் சாதுவாக இருந்து நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், அல்லது வாட்டர் பம்ப் தளர்ந்திருக்கலாம். போர் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டருக்குள் உப்பு படிந்திருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது இந்தக் குறைகள் அத்தனையும் ஒன்றாக வெளியே வரும். என்ஜினுக்கு முழுச் சுமை, வண்டியிலோ வேகமில்லை, காற்றுமில்லை.

கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறினால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். அதற்குள் இருப்பது ஒரு துளி மெழுகு. 80, 90 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ள, ரேடியேட்டருக்குப் போகும் வழி திறக்கிறது. மின்சாரமே தேவையில்லை. அது மூடியபடியே சிக்கிக்கொண்டால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சுடும், கீழ் ஹோஸ் குளிர்ந்திருக்கும். நம் ஊரில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டும் பழக்கம் உண்டு. அது தவறு. என்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடச் செலவாகும், தேய்மானமும் கூடும்.

முள் சில சமயம் ஏமாற்றவும் செய்யும். தண்ணீர் மொத்தமும் வடிந்துவிட்டால் சென்சார் நனையாமல் அந்தரத்தில் நிற்கும். என்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் சரசரவென்று இறங்கும். ஆகவே ஏறிய முள் திடீரென்று விழுந்தால் நிம்மதியடையாமல் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். நிறுத்தவே முடியாத இடத்தில், ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் கொஞ்சம் சூடு குறையும்; ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே. சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம்.

வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை, ஆனால் வண்டி தண்ணீர் குடிக்கிறது என்றால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். சைலன்சரில் விடாத வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி, வெளுத்துக் குழம்பிய என்ஜின் ஆயில் இவையெல்லாம் அதன் அடையாளங்கள். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இரும்பு பிளாக்கின்மேல் முறுக்கிப் பூட்டிய அலுமினிய ஹெட், அளவுமீறிச் சூடானால் விரிய இடமில்லாமல் வளைந்துவிடும். பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவையே எல்லையாக வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு அது தெரியாது. நேர்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால்தான் அளக்க முடியும். அளக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் அதே இடத்தில் மறுபடி ஊதும்.

எந்தப் பழுது பார்த்தாலும் கடைசியில் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஆறிய என்ஜினில், அந்தந்த வண்டிக்குச் சொல்லியிருக்கும் முறைப்படி கூலண்டை மெல்ல நிரப்பி ஓடவிட்டு, குமிழி நின்று, கீழ் ஹோஸும் சூடாகி, ஃபேன் தானாக ஒருமுறை சுற்றி நிற்பதைப் பார்த்த பிறகே மெக்கானிக்கிடமிருந்து வண்டியை எடுங்கள்.