நீலப் பொத்தானும் ஏழு விநாடிச் சீட்டும்

புதுதில்லி: கருவியைக் கையாளும் எவர் மனத்திலும் இரு கேள்விகள் எழும். "நான் என்ன செய்ய வேண்டும்?" என்பது ஒன்று, "நான் செய்தது நிறைவேறியதா?" என்பது மற்றொன்று. அமெரிக்க உளவியலாளர் டொனால்டு நார்மன் விளக்கிய இவ்விரு இடைவெளிகளையும் நிரப்புவதே நல்ல வடிவமைப்பு. இதற்கு நம் நாட்டுச் சான்று மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்.

1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அது முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2004 மக்களவைத் தேர்தல் முழுவதும் இயந்திரம் மூலமே நடைபெற்றது.

எழுத்தறியாதவரும் சின்னத்தைக் கண்டு, அருகிலுள்ள நீலப் பொத்தானை அழுத்த முடிந்தது. முதல் கேள்வி தீர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது, ஒலி கேட்டது. ஆயினும் உள்ளே பதிவானது என்ன என்பதை வாக்காளர் காண இயலவில்லை. இரண்டாவது கேள்வி எஞ்சியது.

நியாயமான தேர்தலுக்குக் காகிதச் சான்று இன்றியமையாதது என 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் ஒப்புகைச் சீட்டு 7 விநாடிகள் கண்ணுக்குத் தெரிந்தது.

சீட்டுகள் அனைத்தையும் எண்ணக் கோரிய மனுக்களை 2024-இல் நீதிமன்றம் நிராகரித்தது. விவாதம் ஓயவில்லை. எண்ணிக்கையின் வேகம் பொறியியலின் வெற்றி. தோற்றவரும் முடிவை ஏற்கும் நம்பிக்கையே ஜனநாயகத்தின் வெற்றி.