தோப்புக்கரணம் போட்டால் மூளை ஷார்ப் ஆகுமா? படிக்கிற பிள்ளைக்கு உண்மையில் உதவும் உடற்பயிற்சி எது?

பரீட்சை சீசன் வந்தால் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ கண்டிப்பாகச் சுற்றும். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார். கீழே, 'நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை' என்று ஒரு வரி. அனுப்பிய சித்தப்பா அடுத்து கேட்பது, "புள்ளைய தினமும் போடச் சொல்றியா?"

போடச் சொல்லலாமா?

பிள்ளையார் முன்னால் நாம் போடும் தோப்புக்கரணம்தான் வெளிநாடு போய் 'சூப்பர் பிரெய்ன் யோகா' ஆனது. அந்தப் பெயரைப் பிரபலமாக்கியவர், பிராணிக் ஹீலிங் முறையைப் பரப்பிய பிலிப்பைன்ஸ்காரர் சோவா கோக் சூயி. 2005-ல் இதே தலைப்பில் புத்தகமும் போட்டார். 2019-ல் ஹரியானா பள்ளிக் கல்வி வாரியம் பிவானியில் உள்ள ஒரு பள்ளியில் இதைச் சோதனை முறையில் கொண்டுவந்தபோது தேசிய அளவில் செய்தியானது.

அவர்கள் தரும் விளக்கம் இதுதான்: இடது காது மடலை அழுத்தினால் வலது மூளை தூண்டப்படும், வலது மடலை அழுத்தினால் இடது மூளை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், காது மடலில் மூளைக்கு இப்படி ஒரு சுவிட்ச் இருப்பதாக நரம்பியல் எதையும் நிரூபிக்கவில்லை.

அதற்காகத் தோப்புக்கரணம் வேஸ்ட் என்று அர்த்தமில்லை. காதை விட்டுவிட்டுப் பார்த்தால், ஜிம்மில் காசு கொடுத்துச் செய்கிற ஸ்குவாட் அது. தொடை, இடுப்புத் தசைகள் வேலை செய்கின்றன, இதயத் துடிப்பு ஏறுகிறது. பலன் இருந்தால் அது காலில் இருந்து வருகிறது, காதில் இருந்து இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான்

1980-களில் கலிஃபோர்னியாவில் பால் டென்னிசன், கெய்ல் டென்னிசன் தம்பதி 'பிரெய்ன் ஜிம்' என்ற பெயரில் 26 அசைவுகளை உருவாக்கினார்கள். வலது முழங்கையால் இடது முழங்காலைத் தொடுவது, கழுத்தெலும்புக்குக் கீழே விரலால் தேய்ப்பது, இந்த மாதிரி. தேய்த்தால் மூளைக்கு ரத்த ஓட்டம் கூடும், குறுக்காக அசைத்தால் இரண்டு பக்க மூளையும் இணைந்து வேலை செய்யும் என்றார்கள். பிரிட்டனில் ஏராளமான அரசுப் பள்ளிகள் நம்பி வாங்கின.

2007-ல் அமெரிக்க ஆய்வாளர் கீத் ஹையட், அதுவரை வந்த ஆய்வுகளை எடுத்து அலசினார். கல்விக்குப் பலன் தரும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்பதே முடிவு. அடுத்த ஆண்டே பிரிட்டன் விஞ்ஞானிகள் அமைப்புகள் உள்ளூர்க் கல்வித் துறைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின. (நம் ஊரில் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கிறேன் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் 'மிட்பிரெய்ன்' வகுப்புகளோடு ஒப்பிட்டால், பிரெய்ன் ஜிம் ரொம்ப சாது!)

அப்போ எதுதான் வேலை செய்யும்?

கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. சராசரியாக ஒன்பதரை வயதுள்ள 20 பிள்ளைகள். ஒரு நாள் 20 நிமிடம் டிரெட்மில்லில் வேகமாக நடந்தார்கள், இன்னொரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாளும் பிறகு டெஸ்ட். நடந்த நாளில் கவனச் சிதறல் குறைந்தது. படித்ததைப் புரிந்துகொள்ளும் தேர்விலும் நன்றாகச் செய்தார்கள். கவனத்தோடு தொடர்புடைய 'பி3' என்ற மூளை அலையும் வலுவாகப் பதிவானது. 20 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். நடை முடிந்த கொஞ்ச நேரத்துக்குள் கிடைத்த பலன் இது. ஒரு வாரம் தாங்கும் என்று நினைக்க வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நெதர்லாந்து ஆய்வு. 499 பிள்ளைகள், இரண்டு ஆண்டுகள், வாரம் மூன்று முறை. பாடத்தையே குதித்துக் குதித்துப் படித்தார்கள். 2 பெருக்கல் 4 எவ்வளவு? வாயால் சொல்லக் கூடாது, எட்டு தடவை குதிக்க வேண்டும். 2016-ல் வந்த முடிவு: கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் மற்ற வகுப்பினரை முந்திவிட்டார்கள். வாசிப்பில் மட்டும் வித்தியாசம் இல்லை.

பி.டி. பீரியட் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். நம் பள்ளிகளில் சிலபஸ் முடியவில்லை என்றால் முதலில் காணாமல் போவது பி.டி. பீரியட். டென்த், பிளஸ் டூ என்றால் கிரவுண்ட் பக்கமே விடமாட்டார்கள். 2023-ல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே, கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.டி. பீரியடைக் கடன் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் நிலைமை.

விளையாடினால் படிப்பு கெடும் என்ற பயம்தான் காரணம். இதை நார்வேயில் பெரிய அளவில் சோதித்தார்கள். 57 பள்ளிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். பாதிப் பள்ளிகளில் வாரத்துக்குக் கூடுதலாக 165 நிமிடம் உடல் அசைவு, ஏழு மாதம். மொத்தமாகப் பார்த்தால் மார்க் ஏறவில்லை. ஆனால், இறங்கவும் இல்லை! கணக்கில் கடைசியில் இருந்த பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள். யாரை நாம் 'நீ விளையாடப் போகாதே, உட்கார்ந்து கணக்குப் போடு' என்று நிறுத்தி வைக்கிறோமோ, அதே பிள்ளைகள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் தேவையில்லை. ஹோம்வொர்க்குக்கு முன்னால் 15, 20 நிமிடம் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங், தெருவில் பாண்டி, சைக்கிள், எதுவானாலும் ஓகே. அரைமணி, முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் குதிக்கட்டும். அந்த இடைவெளியில் போனைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு நெதர்லாந்து டெக்னிக்கைத் தமிழுக்கும் கொண்டுவரலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு இல்லையா? நீங்கள் எழுத்தைச் சொல்லுங்கள், குறிலுக்கு ஒரு குதி, நெடிலுக்கு இரண்டு குதி. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, அதற்கு எப்படிக் குதிப்பது என்று அவர்களே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள்.

ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, மூட்டு வலி இருக்கும் பிள்ளைகளுக்கு டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கவனக் குறைபாட்டுக்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கு, உடற்பயிற்சி செய்கிறானே என்று மருந்தை நிறுத்தக் கூடாது.

தோப்புக்கரணமும் தாராளமாகப் போடலாம். ஆனால், மார்க் குறைந்ததற்குத் தண்டனையாகப் போடவைக்கும் வேலை வேண்டாம். பள்ளியில் உடல்ரீதியான தண்டனையை 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்திருக்கிறது. சித்தப்பாவுக்கும் ஒரு பதில் போடலாம்: "போடறோம் சித்தப்பா, நீங்களும் சேர்ந்து போடுங்க."