மஞ்சள் பக்கம் பச்சையாக

முதல் வருடம் நான் செய்தது தவறு. இரண்டாமாண்டுத் தமிழ் மாணவர்கள் முப்பது பேர், விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஒரு பழைய நூல், ஆளுக்கு நான்கு பக்கம், ஒரு வாரத்தில் மெய்ப்புப் பார்த்து முடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆறு பேர்தான் முடித்தார்கள். மற்றவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்தேன்.

பிறகுதான் கில்லி சால்மனைப் படித்தேன். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இணையவழி மாணவர்களைக் கவனித்து எழுதியவர். அவருடைய ‘ஈ-மாடரேட்டிங்’ 2000-இல் வெளியானது. அதில் இணையவழிக் கற்றலுக்கு ஐந்து படிகள். உள்ளே நுழைவது முதல் படி, ஒருவரையொருவர் அறிவது இரண்டாவது. தகவல் பரிமாற்றம் மூன்றாவதாகத்தான் வருகிறது. நான் பிள்ளைகளை நேரே மூன்றாம் படியில் நிறுத்தியிருந்தேன்.

அடுத்த முறை முதல் வாரம் முழுக்கக் கணக்குத் தொடங்குவதும் செல்பேசியில் தமிழ்த் தட்டச்சும்தான். இரண்டாம் வாரம், மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, தமக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினார்கள். அதன் பிறகே ஆளுக்கு ஒரு பக்கம்.

விக்கிமூலத்தில் ஒருபுறம் அச்சுப் பக்கத்தின் படம் இருக்கும். மறுபுறம் கணினி அதிலிருந்து படித்தெடுத்த எழுத்து. யாரும் மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்தினால் மஞ்சள். இன்னொருவர் மறுபடி படித்துச் சரி என்றால் பச்சை. மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க மென்பொருள் விடாது. கூடிப் படிப்பதன் அருமையை நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் நூல் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. னா, றா, லை எல்லாம் பழைய வடிவில் இருந்தன, கணினி தடுமாறியது. “மேம், இது என்ன எழுத்து?” என்று கேட்ட பெண்ணை அவள் பாட்டியிடம் காட்டச் சொன்னேன். மறுநாள் அவள்தான் மற்ற எல்லாருக்கும் ஆசிரியை.

ஒரு பக்கத்தில் ‘கோவில்’ என்றிருந்ததை ஒருவன் ‘கோயில்’ ஆக்கினான். இன்னொருத்தி பழையபடி மாற்றினாள். உரையாடல் பக்கத்தில் வாக்குவாதம். விடையைச் சொல்லிவிட என் கை துடித்தது; இரவுவரை பொறுத்தேன். மூன்றாமவன் எழுதினான்: “அச்சுல எப்படி இருக்கோ அப்படியே விடணும். நம்ம வேலை திருத்தி எழுதுறது இல்ல.” நான் சொல்லியிருந்தால் அது ஒரு விதியாக மட்டும் இருந்திருக்கும்.

ஒரு மாணவன் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்லார் முன்னாலும் கேட்காமல் தனியாக எழுதிக் கேட்டேன். வீட்டில் ஒரே செல்பேசி. அப்பா வேலைக்கு எடுத்துப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவார். குழு முழுவதற்குமே கெடுவை ஞாயிறு நள்ளிரவுக்கு மாற்றினேன். முந்தைய வருடம் நான் சோம்பேறி என்று நினைத்தவர்களில் இப்படி எத்தனை பேரோ!

ஞாயிறு இரவு அவன் பக்கம் மஞ்சளானது. கால் மணி நேரத்தில், ‘கோவில்’ என்று வாதாடிய அந்தப் பெண் அதைப் படித்துப் பச்சையாக்கியிருந்தாள். கூடவே ஒரு வரி: “ஒரே ஒரு புள்ளி விட்டுப்போச்சு, வச்சுட்டேன்.”