அலமாரியில் பூட்டிய மாத்திரை உயிர் காக்குமா?

2011 மார்ச். ஜப்பானில் புகுஷிமா அணு உலை வெடித்தது. மறுவாரமே சீனாவில் மளிகைக் கடைகளில் உப்பு காலி! "உப்புலதான் அயோடின் இருக்கே, அது போதும்" என்று ஜனங்கள் மூட்டை மூட்டையாக அள்ளிச் சென்றார்கள்.

பலன்? ஒன்றுமில்லை! உப்பில் உள்ள அயோடின் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மாத்திரையின் வேலை

அணு உலை வெடித்தால் கதிரியக்க அயோடின் காற்றில் கிளம்பும். மூச்சிலும் பாலிலும் உடம்புக்குள் நுழையும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அதை இழுத்து வைத்துக்கொள்ளும். பின்னால் புற்றுநோய் வரலாம். குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

பொட்டாசியம் அயோடைடு மாத்திரையை முன்கூட்டியே விழுங்கினால், சுரப்பி நிரம்பிவிடும். விஷ அயோடினுக்கு அங்கே இடமிருக்காது.

பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம். 3 முதல் 12 வயதுவரை அதில் பாதி. கைக்குழந்தைக்கு இன்னும் குறைவு. கதிர்வீச்சு வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், தவறினால் வந்த 2 மணி நேரத்துக்குள் சாப்பிடுவதே நல்லது. ஒரு நாள் கழித்துச் சாப்பிட்டால் நன்மையைவிடக் கெடுதலே அதிகம்!

இது தைராய்டை மட்டும்தான் காக்கும். சீசியம் என்ற கதிரியக்கப் பொருளுக்கு வேறு மருந்து. அதன் பெயர் பிரஷ்யன் நீலம். 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைத்தான் கொடுத்தார்கள்.

போலந்து காட்டிய வேகம்

1986 ஏப்ரல் 26-ல் செர்னோபில் வெடித்தது. சோவியத் யூனியன் உடனே வாய் திறக்கவில்லை. பக்கத்து நாடான போலந்து காத்திருக்கவில்லை. 29-ந்தேதியே முடிவெடுத்தது. மாத்திரைக்கு எங்கே போவது? மருந்துக்கடைகளிலேயே அயோடின் கரைசலைக் கலக்கினார்கள். சில நாட்களில் சுமார் 1¾ கோடி பேருக்குக் கொடுத்து முடித்தார்கள். அதில் 1 கோடிக்கு மேல் குழந்தைகள்!

ஜப்பானில் கதை தலைகீழ். மாத்திரை கையிருப்பில் இருந்தது. "சாப்பிடுங்கள்" என்ற உத்தரவுதான் பல ஊர்களுக்கு நேரத்தில் வரவில்லை. மிஹாரு என்ற சிற்றூர் நிர்வாகம் துணிந்து, மேலிடத்தைக் கேட்காமலே மார்ச் 15-ந்தேதி 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாத்திரை வழங்கியது. "திரும்ப வாங்கு" என்றது மாகாண நிர்வாகம். ஊர்க்காரர்கள் மசியவில்லை!

நமக்கும் உண்டு

கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோ மீட்டருக்கு அவசரகாலத் திட்டம் இருக்கிறது. அங்கே ஒத்திகையும் நடப்பதுண்டு.

பயந்துபோய் வீட்டில் வாங்கி அடுக்கவோ, தானாகவே விழுங்கவோ வேண்டாம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு அது வினையாகலாம். அரசு சொல்லும்போது சாப்பிட்டால் போதும்.

ஆனால் அந்தச் சொல் நேரத்தில் வந்து சேரவேண்டும். இல்லாவிட்டால் அலமாரியில் உள்ளது மருந்தல்ல, வெறும் மாத்திரை!