‘இன்னும் பால் வரலையே..!’ முதல் 3 நாட்களில் தாய்ப்பாலை எடுத்துக் கொடுப்பது எப்படி? தேனி தாய்ப்பால் வங்கி யாருக்கு?

பிரசவம் முடிந்த அன்றே பல வீடுகளில் எழும் பேச்சு இது: “தாய்க்கு இன்னும் பால் ஊறல... பிள்ளை பசியில கத்துது... பவுடர் பால் கலக்கிக் கொடுத்துடலாமா?” குழந்தை குறைமாதத்தில் பிறந்து ‘பெட்டியில்’ வைக்கப்பட்டிருந்தால் பதற்றம் இன்னும் கூடும். கம்பம், கூடலூர், போடி, சின்னமனூர் பக்கத்தில் பிறக்கும் குழந்தை மேல் சிகிச்சைக்காக க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றப்பட்டால், தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்று ஆகிவிடுவதும் உண்டு. கம்பத்திலிருந்து அங்கே போக சுமார் 50 கி.மீ.

இந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது, தாய்ப்பாலை எடுத்துக் கொடுக்கும் முறை. முதல் 2, 3 நாட்களில் இதை எப்படிச் செய்வது? தாய்ப்பால் வங்கியின் பால் யாருக்குக் கிடைக்கும்?

பால் வரலையா... அல்லது கொஞ்சமாக வருகிறதா?

பெரும்பாலும் இரண்டாவதுதான். முதல் சில நாட்களில் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மார்பு கனத்து பால் நிறைய ஊறுவது பொதுவாக 2 முதல் 4 நாட்களுக்குள். சிசேரியன் ஆனவர்களுக்கு இது சற்றுத் தள்ளிப் போகலாம்.

ஆனால், நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கும் அவ்வளவுதான் தேவை. முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மி.லி., இரண்டாம் நாள் 5 முதல் 15 மி.லி., மூன்றாம் நாள் 15 முதல் 30 மி.லி. ஒரு டீஸ்பூன் என்பது 5 மி.லி. ஆக, முதல் நாளில் ஒரு வேளைப் பால் என்பதே அரை ஸ்பூனில் இருந்து இரண்டு ஸ்பூன் வரைதான். புட்டிப்பால் டப்பாவோடு ஒப்பிட்டுப் பார்த்து ‘பால் பத்தல’ என்று முடிவு கட்டுவது தவறு.

அந்தச் சில சொட்டுகளில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் செறிந்திருக்கின்றன. இதைப் ‘பழைய பால்’ என்று பீய்ச்சிக் கீழே விடுவதும், அதற்கு முன்னால் சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுவதும் சில வீடுகளில் இன்னமும் நடக்கிறது. தேன், கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர் எதுவுமே பச்சிளம் குழந்தைக்கு வேண்டாம். தொற்றுக்கு வழிவிடும், பால் குடிக்கும் ஆர்வத்தையும் குறைத்துவிடும்.

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனாலும், பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் சுமார் 60 சதவீதம்தான் என்கிறது 5-வது தேசிய குடும்ப நல ஆய்வு.

எடுத்துக் கொடுப்பது யாருக்குத் தேவை?

நேரடியாக மார்பில் குடிக்கும் குழந்தைக்கு இது தேவையே இல்லை. அடிக்கடி மார்பில் போட்டாலே போதும். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தை, தாயைப் பிரிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தை... இவர்களுக்குத்தான் இது அவசியம். பொதுவாக 34 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தைகளால் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய முடியாது. அதனால் மெல்லிய குழாய் வழியாகப் பால் செலுத்துவார்கள்.

1 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 1 அல்லது 2 மி.லி.தான் கொடுப்பார்கள். அதாவது, தாய்க்கு வரும் அந்த ‘சில சொட்டு’ அந்தக் குழந்தைக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

எப்போது தொடங்க வேண்டும்?

முடிந்தால் பிறந்த 1 மணி நேரத்துக்குள். தாயின் உடல்நிலை இடம் தராவிட்டால் 6 மணி நேரத்துக்குள்ளாவது. “பிள்ளை பெட்டியில இருக்கு, அது வெளியே வந்த பிறகு பாத்துக்கலாம்” என்று விடுவதுதான் பெரிய தவறு. ஏன்னா, பால் சுரப்பது மார்பு எவ்வளவு காலியாகிறது என்பதைப் பொறுத்தது. எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காமல் விட்டால், ‘தேவையில்லை போல’ என்று உடல் சுரப்பைக் குறைத்துவிடும். 10 நாள் கழித்துக் குழந்தை கைக்கு வரும்போது, கொடுக்கப் பால் இருக்காது.

எனவே 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு 8 முதல் 10 முறை எடுக்க வேண்டும். இரவிலும் ஒருமுறையாவது எடுப்பது முக்கியம்; பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம். பூண்டுக் குழம்பும் பால்சுறா புட்டும் சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால், மார்பைக் காலி செய்யாமல் சாப்பாட்டை மட்டும் நம்பினால் பால் பெருகாது.

பம்ப் வாங்கணுமா?

முதல் 2, 3 நாட்களுக்குக் கையே போதும். சீம்பால் கெட்டியாகவும் கொஞ்சமாகவும் இருப்பதால், பம்பில் அது சுவரிலேயே ஒட்டி வீணாகிவிடும். பால் நன்றாக ஊறிய பிறகு, நீண்ட நாள் எடுக்க வேண்டியவர்களுக்கு மின்சார பம்ப் உதவும். ரப்பர் பந்து வைத்த பழைய கைப் பம்ப் வேண்டாம். அதன் உட்புறத்தைச் சுத்தம் செய்யவே முடியாது, கிருமி தங்கும்.

கையால் எடுக்கும் முறை இதுதான்:

* கைகளைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். மார்பை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, மெதுவாக நீவிவிட வேண்டும்.
* கொதிக்க வைத்து ஆறிய, வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணம் அல்லது கப் எடுத்துக்கொள்ள வேண்டும்.
* காம்பிலிருந்து சுமார் 2-3 செ.மீ. தள்ளி, மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டி விரல் என வைக்க வேண்டும்.
* முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு இரு விரல்களையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோலின் மேல் விரலைத் தேய்க்கவும் கூடாது.
* பால் வருவது நின்றால் விரல்களை வேறு பக்கம் மாற்றி வைக்க வேண்டும். இரண்டு மார்பிலும் மாறி மாறிச் செய்ய வேண்டும்.

முதல் சில நிமிடங்கள் ஒன்றுமே வராமல் இருக்கலாம். வலித்தால் முறை தவறு என்று அர்த்தம். வார்டில் இருக்கும் செவிலியரைக் கேட்டுச் சரி செய்துகொள்ளலாம்.

எப்படிக் கொடுப்பது? எவ்வளவு நேரம் வைக்கலாம்?

விழுங்கத் தெரிந்த குழந்தைக்குச் சங்கு அல்லது ஸ்பூன் போதும். புட்டி வேண்டாம். குழந்தையைப் படுக்க வைத்து ஊற்றக் கூடாது. தலையைத் தூக்கிப் பிடித்து, சங்கின் நுனியை உதட்டோரம் வைத்து, ஒவ்வொரு மடக்காக விழுங்கும்வரை பொறுத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் சங்கைக் கழுவிக் கொதிக்க வைப்பது கட்டாயம்.

எடுத்த பால் 25 டிகிரி வரையான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் தேனி வீடுகளில் வெப்பம் அதைத் தாண்டிவிடும். அதனால் உடனே கொடுப்பதே நல்லது. குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கத்தில் வைத்தால், பச்சிளம் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடலாம். கதவுப் பக்கம் வைக்க வேண்டாம். சூடாக்க, வெந்நீர் உள்ள பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்தாலே போதும். அடுப்பில் காய்ச்சக் கூடாது. மேலே ஏடு மாதிரி கொழுப்பு பிரிந்தால் அது கெட்டுப்போன பால் அல்ல. லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

தாய் கம்பத்திலும் குழந்தை க.விலக்கிலும் இருந்தால், மருத்துவர்களிடம் கேட்டு, மூடிய பாத்திரத்தில் பெயர், தேதி, நேரம் எழுதி, ஐஸ் வைத்த பெட்டியில் பாலைக் கொண்டுபோகலாம். இதைவிட நல்லது, தாயையும் அதே மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்று கேட்பது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப் ஏறிவிடும் குடும்பங்களில், பாலைச் சுமந்துகொண்டு தினமும் அலைய ஆள் கிடைப்பது லேசல்ல.

தேனி தாய்ப்பால் வங்கி யாருக்கு?

இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் 7 அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பால் மிகுதியாக உள்ள, ஆரோக்கியமான தாய்மார்கள் தானமாகத் தருவார்கள். அவர்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ் பரிசோதனை செய்யப்படும். பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமி இருக்கிறதா என்று சோதித்து, உறைநிலையில் சேமிப்பார்கள். தாயிடம் பால் கிடைக்காத குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கே முன்னுரிமை. ஃபார்முலா பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு, உயிரைப் பறிக்கக்கூடிய குடல் அழற்சி நோய் வரும் ஆபத்து, தானப் பால் குடிப்பவர்களைவிட ஏறக்குறைய 2 மடங்கு.

ஆனாலும் சூடாக்கும்போது எதிர்ப்புப் பொருட்களில் ஒரு பகுதி குறைந்துவிடும். அதனால் முதலிடம் எப்போதும் சொந்தத் தாயின் பாலுக்குத்தான். வங்கிப் பால் என்பது, தாய்க்குப் பால் ஊறும்வரை தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு.

பக்கத்து வீட்டுக்காரரிடமோ, ஆன்லைனிலோ பரிசோதிக்காத பாலை வாங்க வேண்டாம். தாய்ப்பாலை விற்பது சட்டவிரோதம் என்று 2024 மே மாதம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்துள்ளது.

எப்போது உடனே மருத்துவரிடம் போகணும்?

முதல் நாள் ஒருமுறை, இரண்டாம் நாள் இருமுறை, மூன்றாம் நாள் மும்முறை, 5-ம் நாள் முதல் குறைந்தது 6 முறை சிறுநீர் போனால், பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று பொருள். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பே. 10 சதவீதத்தைத் தொட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். குழந்தை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தால், பால் குடிக்க மறுத்தால், உடல் சில்லிட்டாலோ காய்ந்தாலோ, உள்ளங்கை, பாதம் வரை மஞ்சள் பரவினால் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்கலாம். ஆலோசனைக்கு 104. கிராம சுகாதார செவிலியரையும் கேட்கலாம்.

குழந்தைக்குக் கூடுதல் பால் தேவை என்று மருத்துவர் சொன்னால் தயங்காமல் கொடுக்க வேண்டும். அதே நேரத்தில் தாய் பால் எடுப்பதையும் நிறுத்தக் கூடாது. அந்த முதல் 3 நாட்களில் கிண்ணத்தில் விழும் சொட்டுகள் எத்தனை என்பதைவிட, எத்தனை முறை எடுக்கப்பட்டது என்பதே அடுத்து வரும் மாதங்களின் பால் சுரப்பைத் தீர்மானிக்கும்.