சிக்கிமுக்கிக் கல்

ஆதிமனிதன் இரண்டு கற்களை உரசித் தீ மூட்டினான் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சிக்கிமுக்கிக் கற்கள் இரண்டை நீங்களே மோதிப் பாருங்கள். கண்ணில் சில்லு தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் மங்கலாக ஓர் ஒளி மின்னும், கருகல் வாடை வரும், அவ்வளவுதான். பஞ்சு பற்றாது. பற்ற வேண்டுமானால் மறு கையில் எஃகு வேண்டும். கல்லின் கூர்விளிம்பு எஃகிலிருந்து நுண்துகள்களைச் சீவுகிறது; சீவும்போதே சூடேறும் அத்துகள்கள் காற்றில் எரிகின்றன. நாம் பொறி என்பது எரியும் இரும்பைத்தான். எஃகு வருமுன் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கல் அந்த வேலையைச் செய்தது.

எஃகையே சீவும் இந்தக் கல், ஆற்று மணலிலுள்ள அதே சிலிக்காதான். ரேடியோலேரியா என்னும் நுண்ணிய கடலுயிர்களும் சிலவகைக் கடற்பஞ்சுகளும் சிலிக்காவால் கூடு கட்டுகின்றன. அவை மடிந்து கடலடியில் படிந்து, கரைந்து, மீண்டும் இறுகிக் கல்லாகின்றன. இந்த இனத்துக்குப் பொதுப்பெயர் செர்ட். வெண்சுண்ணப் பாறைக்குள் கட்டிகளாகத் திரண்டால் பிளிண்ட். கெடா, பேராக் பகுதிகளில் செமாங்கோல் பாறைகளில் செர்ட் உண்டு. அந்த இடங்கள் ஒரு காலத்தில் கடலடி! இதன் கடினம் 7, பேனாக்கத்தி கீறாது. படிகங்கள் மிக நுண்ணியவை என்பதால் கண்ணாடிபோல் சிப்பி வடிவில் உடைந்து கத்தி முனை தரும். திருநெல்வேலித் தேரிச் செம்மணலில் கிடைத்த கற்காலச் சிறுகருவிகளிலும் செர்ட் உண்டு.

நம் மலாக்காவுக்கு இந்தக் கல் துப்பாக்கியோடு வந்தது. நானிங் தலைவர் டோல் சைட் கும்பினிக்கு வரி கொடுக்க மறுத்ததால் 1831இல் போர் மூண்டது. அலோர் காஜா பக்கக் காடுகளில் நடந்தவர்களில் சென்னைப் படைச் சிப்பாய்களும் இருந்தனர். அக்காலத் துப்பாக்கியில், விசையைத் தட்டினால் தோலில் சுற்றிய பிளிண்ட் துண்டு எஃகுத் தகட்டில் மோதும், பொறி கிண்ணத்து மருந்தில் விழும், குண்டு பாயும். மழையில் மருந்து நனைந்தால் ஒன்றும் நடக்காது. நம் ஊர் மழையைச் சொல்லவா வேண்டும்! வெட்டிச் சாய்த்த மரங்களும் வழிமறிக்க, முதற்படை மலாக்காவுக்கே திரும்பியது. 1832இல் பெரும்படை வந்த பின்னரே தாபோ வீழ்ந்தது.

மலாய்க்காரர்கள் இதைப் 'பத்து ஆப்பி', அதாவது நெருப்புக் கல், என்பார்கள். சண்டை மூட்டிவிடுபவருக்கும் அதே பெயர்தான்.

லைட்டரில் போடும் 'கல்' மட்டும் கல்லே அல்ல. 1903இல் ஆஸ்திரியாவின் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் சீரியத்தையும் இரும்பையும் கலந்து செய்த உலோகம் அது. அங்கே வேலை தலைகீழ்: சீவுவது எஃகுச் சக்கரம், எரிவது 'கல்'.