திரையில் எழுதுவது யார்?

கணிப்பொறியிற் கட்டளையைத் தட்டி, விடையைத் திரையிற் காண்போர், அனைத்தும் ஒரே நிரலின் தொழில் என எண்ணுவர். உண்மை அதுவன்று. ஆங்கு இரு நிரல்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கட்டளையின் பொருளுணர்ந்து உரிய நிரலை இயக்குவது ஷெல். வந்த எழுத்துக்களைத் திரையில் வரைவது டெர்மினல்.

இப்பிரிவினை வரலாற்றின் வழி வந்தது. முற்காலத்தில் கணிப்பொறியுடன் கம்பியால் இணைக்கப்பட்ட தொலைத்தட்டச்சுப் பொறியே டெர்மினலாக இருந்தது. 1978இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 போன்ற திரைப்பொறிகள் அதன் இடத்தைப் பெற்றன. இன்று அப்பொறிகள் பெரும்பாலும் மறைந்து, அவற்றைப் போலவே ஒழுகும் நிரல்கள் எஞ்சியுள்ளன. டெர்மினல் எமுலேட்டர் எனப்படுவன இவையே.

நூலாசிரியரும் அச்சுக்கோப்பவரும் இதற்கு உவமையாவர். ஆசிரியர் தம் படியில் 'இச்சொல் தடித்த எழுத்தில்' எனக் குறித்தால், கோப்பவர் அக்குறிப்பை அச்சிடார், அதன்படி செய்வார். அவ்வாறே நிறத்தையும் சுட்டியின் இடத்தையும், 27 என்னும் எண்ணுடைய எஸ்கேப் குறியில் தொடங்கும் தொடர்களால் ஷெல் அறிவிக்க, டெர்மினல் நிறைவேற்றுகின்றது. ஷெல் திரையைக் காண்பதில்லை. டெர்மினல் கட்டளையின் பொருளை அறிவதில்லை.

ஆயினும், தட்டிய வரியைத் திருத்துதற்குச் சுட்டி எங்கு நிற்கும் என்பதை ஷெல்லும் கணக்கிடல் வேண்டும். இடர் பிறப்பது இங்கேதான். மன்னார் மாவட்டத்து 'உயிலங்குளம்' என்னும் ஊர்ப்பெயரை நோக்குக. இலக்கணப்படி அதில் எழுத்துக்கள் 7. யூனிகோடு முறையிற் குறியீடுகள் 11. யூடிஎஃப்-8 வடிவிற் பைட்டுகள் 33. பல கணிப்பொறிகள் கைக்கொள்ளும் அகல அட்டவணையிலோ, மெய்யின் புள்ளிக்குத் தனியிடம் இல்லை. இகர, உகரக் குறிகளுக்கு ஒவ்வோரிடம் உண்டு. ஆகவே கட்டங்கள் 9.

ஷெல் 9 எனக் கணக்கிட, டெர்மினல் 7 கட்டங்களில் வரையுமாயின், சுட்டி உரிய இடத்தினின்றும் வழுவும். திரையில் ஓரெழுத்து மறைய, கட்டளையில் வேறோரெழுத்து நீங்கும். கோப்பை அழிக்கும் கட்டளையில் இது நேரின், கண்ட பெயர் ஒன்று, அழிந்த கோப்பு வேறொன்று என முடிதலுங் கூடும்.

ஆங்கிலத்தில் ஓரெழுத்துக்கு ஒரு கட்டம் என்பதால் இச்சிக்கல் அங்குத் தோன்றவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் திருத்துவதால் இது தீராது. இரு நிரல்களும் ஒரே அட்டவணையை ஏற்றல் வேண்டும். அவ்வட்டவணை தமிழெழுத்தின் இயல்பறிந்தோரால் ஆராயப்படுதலும் வேண்டும். கணிப்பொறி கற்கும் மாணவர் எழுத்திலக்கணத்தையும் ஊன்றிக் கற்பாராயின், இப்பணிக்கு உரியவர் அவரே ஆவர்.